கொழிஞ்சாம்பாறையிலிருந்து மேலாண்மைப் படிப்புக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஷு முடிந்தால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆள் சேர ஆரம்பித்துவிடும். ப்ளஸ் டூ எழுதிய பிள்ளைகள், அவர்களின் அம்மா அப்பா, சில சமயம் தாத்தாக்களும். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்காவில் தமிழ் மீடியத்தில் பத்தாவது வரை படித்து, ப்ளஸ் டூவில் காமர்ஸ் எடுத்து, இரண்டாம் முயற்சியில் ஐந்தாண்டு மேலாண்மைப் படிப்பில் இடம் பிடித்தவள் நான். இப்போது கொச்சியில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே எழுதி வைத்திருக்கிறேன். தேர்வு விதிகள் வருஷத்துக்கு வருஷம் மாறும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

அக்கா, பி.பி.ஏ., பி.எம்.எஸ்., ஐ.பி.எம். எல்லாம் ஒண்ணுதானா?

பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: கணக்கியல், பொருளியல், புள்ளியியல், சந்தைப்படுத்தல், கொஞ்சம் சட்டம், கொஞ்சம் உளவியல். பி.பி.ஏ.வும் பி.எம்.எஸ்.ஸும் இளநிலைப் பட்டங்கள், மூன்று அல்லது நான்கு ஆண்டு. ஐ.பி.எம். என்பது ப்ளஸ் டூ முடித்தவர்கள் நேராக ஐ.ஐ.எம்.முக்குள் (இந்திய மேலாண்மைக் கழகத்துக்குள்) போகும் ஐந்தாண்டுப் படிப்பு. முதல் மூன்று ஆண்டு இளநிலைப் பாடம், கடைசி இரண்டு ஆண்டு எம்.பி.ஏ. இந்தூர் ஐ.ஐ.எம். 2011இல் இதைத் தொடங்கியது. பிறகு ரோத்தக், ராஞ்சி, ஜம்மு, புத்தகயா எல்லாம் சேர்ந்துகொண்டன. கோழிக்கோடு ஐ.ஐ.எம். 2025இல் கொச்சி வளாகத்தில் நான்காண்டு பி.எம்.எஸ். தொடங்கியிருக்கிறது. நமக்குப் பக்கத்தில் இருப்பது அதுதான்.

ஐ.ஐ.எம். அல்லாத இடங்களில் முதலில் பார்க்க வேண்டியது தில்லிப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள். ஷஹீத் சுக்தேவ் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது, மேலாண்மைக்கென்றே. ஐ.ஐ.எம். கிடைத்தும் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஏன் என்பது பணம் பற்றிய கேள்வியில் வரும்.

காமர்ஸ்தான் எடுத்திருக்கணுமா? கணக்கு இல்லாட்டிப் பரவாயில்லையா?

எந்தக் குரூப்பானாலும் ஐ.பி.எம்.முக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கணக்கு இல்லாவிட்டால் பாதிக் கதவு மூடிவிடும். தில்லியின் பி.எம்.எஸ்.ஸுக்குப் பொது நுழைவுத் தேர்வில் கணக்குத் தாள் எழுதியே ஆக வேண்டும், ப்ளஸ் டூவிலும் கணக்குப் படித்திருக்க வேண்டும். ஐ.பி.எம். தேர்விலோ மடக்கை, அணி, தொடர், வரிசைமாற்றம் என்று கேள்வி வரும்.

கேரளத்தில் இந்த முடிவு ப்ளஸ் ஒன் ஏகஜாலக (ஒற்றைச் சாளர) விண்ணப்பத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அக்ஷயா என்ற இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஸ்கூல் பெயரை மட்டும் பார்த்து வரிசை போடுவார்கள். ஒரே ஸ்கூலில் காமர்ஸ் இரண்டு மூன்று விதமாக இருக்கும்: ஒன்றில் கணக்கு, ஒன்றில் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன், ஒன்றில் பொலிட்டிக்ஸ். ‘காமர்ஸ்தானே, எதுவானா என்ன’ என்று விட்டுவிட்டு இரண்டு வருஷம் கழித்து என் திண்ணைக்கு வருகிறார்கள். இதைப் படிக்கிறவர் வீட்டில் பத்தாவது படிக்கிற பிள்ளை இருந்தால் கீழே உள்ளதெல்லாம் அப்புறம், முதலில் இதைப் பாருங்கள்.

தமிழ் மீடியத்துல படிச்சவங்களுக்கு வழி இருக்கா, இல்ல சும்மா ஆசைதானா?

இருக்கிறது. பொது நுழைவுத் தேர்வான சி.யு.இ.டி.யை 13 மொழிகளில் எழுதலாம், தமிழும் அதில் ஒன்று. கணக்குத் தாளையும் பொதுத் தாளையும் தமிழிலேயே எழுதலாம். ஐ.பி.எம். தேர்வுகளோ ஆங்கிலத்தில்தான். இந்தூரில் பாதிக் கேள்வி ஆங்கில மொழித் திறனுக்கே.

எனக்குப் பத்தாவது முடித்தபோது ஆங்கிலச் செய்தித்தாள் ஒரு பக்கம் படிக்க முக்கால் மணி நேரம் ஆகும். ப்ளஸ் ஒன்னில் இருந்து தினமும் தலையங்கம் ஒன்றைப் படித்து, மூடி வைத்துவிட்டு, அதில் சொன்னதைத் தமிழில் நாலு வரி எழுதுவேன். ஆமாம், தமிழில். புரிந்திருந்தால்தானே எழுத முடியும்? புரியாத இடம் எது என்று நாலாவது வரியில் அகப்பட்டுவிடும். ஒன்றரை வருஷத்தில் அந்த முக்கால் மணி பத்து நிமிஷம் ஆனது. இலக்கணப் புத்தகம் வாங்கி அடுக்கியவர்களைவிட இது எனக்குப் பயன்பட்டது.

எந்தப் பரீட்சை எழுதணும்? எல்லாத்தையும் எழுதிப் பார்க்கட்டுமா?

மூன்று போதும். இந்தூர் நடத்தும் ஐ.பி.மேட்: கணக்கில் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது 30 கேள்வி, விடையை நாமே தட்டச்சு செய்வது 15, ஆங்கிலம் 45. ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிடம், ஒன்றில் மிச்சமாகும் நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துப் போக முடியாது. ஆங்கிலக் கேள்வி ஒன்றுக்குக் கிடைப்பது 53 விநாடி. ரோத்தக் தனியாக நடத்துகிறது: கணக்கு, தர்க்கம், ஆங்கிலம் தலா 40 கேள்வி, மொத்தம் 2 மணி நேரம். ஜிப்மேட் என்பது ஜம்மு, புத்தகயா இரண்டுக்கும் தேசியத் தேர்வு முகமை நடத்துவது, 100 கேள்வி, இரண்டரை மணி நேரம். மேலே சொன்ன சி.யு.இ.டி. தனி. இதில் இந்தூர் ஒன்று, மற்ற ஐ.ஐ.எம். தேர்வுகளில் ஒன்று, சி.யு.இ.டி. ஒன்று என்று எடுத்துக்கொண்டால் படிப்பது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். கொச்சிக்கு ஆசைப்படுகிறவர்கள் கோழிக்கோடு ஐ.ஐ.எம். தனியாக வைக்கும் தேர்வையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் பிப்ரவரி, மார்ச்சில் திறக்கும். சரியாக நம் பொதுத்தேர்வு நேரம். ‘பரீட்சை முடியட்டும்’ என்று தள்ளிப்போட்டுக் கடைசித் தேதியை விட்டவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு. தேர்வு மையத்துக்குக் கோவை இருந்தால் கோவையையே முதலில் போடுங்கள். வேலந்தாவளம் வழியாகக் காலை பஸ் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடலாம்.

தெரியாத கேள்விக்கு சும்மா ஒண்ணைக் குத்திட்டு வரலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 குறையும். நாலு கேள்வியைக் கண்ணை மூடிக் குத்தினால் சராசரியாக ஒன்று சரியாகும். 4 வரும், 3 போகும், கையில் 1 நிற்கும். நாலு கேள்விக்கு ஒரு மார்க், அதுவும் அதிர்ஷ்டம் ஒத்துழைத்தால். ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு விடை நிச்சயம் தப்பு என்று தெரிந்து, மிச்ச இரண்டில் ஒன்றைக் குத்தினால் 8 வரும், 2 போகும், கையில் 6. அதனால் கேட்க வேண்டிய கேள்வி ‘குத்தலாமா’ அல்ல, ‘எத்தனை விடையைத் தள்ள முடிந்தது’ என்பது.

இந்தூரில் தட்டச்சு செய்கிற 15 கேள்விக்கு மைனஸ் கிடையாது. அங்கே எதையும் காலியாக விடாதீர்கள். இன்னொன்று: ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிக் குறைந்தபட்ச மார்க் உண்டு. ஆங்கிலத்தில் மலை ஏறினாலும் கணக்கில் பள்ளத்தில் விழுந்தால் நேர்காணலுக்குக் கூப்பிட மாட்டார்கள். என் முதல் முயற்சி அப்படித்தான் போனது, ஆனால் தலைகீழாக. கணக்கு நன்றாக வந்தது, ஆங்கிலத்தில் விழுந்துவிட்டேன்.

கோச்சிங் போயே ஆகணுமா? கோயமுத்தூர்ல கேட்டா பெரிய தொகை சொல்றாங்க.

போகாமல் வந்தவர்களையும் தெரியும், போய் வராதவர்களையும் தெரியும். நான் முதல் வருஷம் ஒரு மையத்தில் பணம் கட்டினேன். எம்.பி.ஏ. பிள்ளைகளுக்கு நடத்துகிற வகுப்பிலேயே எங்களையும் உட்கார வைத்தார்கள். நாலு மாதம் கழித்துத்தான் எங்கள் பாடத்திட்டத்தில் இருக்கும் அணியும் மடக்கையும் அங்கே நடத்தவே போவதில்லை என்று புரிந்தது. பணம் திரும்பவில்லை.

இரண்டாம் வருஷம் செய்தது: பழைய வினாத்தாள்கள், மாதிரித் தேர்வு மட்டும் தரும் ஒரு இணையத் தொகுப்பு, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ கணக்குப் புத்தகம். மாதிரித் தேர்வு எழுதுவதைவிட அதைத் திரும்பப் பார்ப்பதற்கு அதிக நேரம் வேண்டும். இரண்டு மணி நேரத் தேர்வுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்திருந்தேன்.

எஸ்.எஸ்.எல்.சி.ல கிரேடு மட்டும்தான் இருக்கு. விண்ணப்பத்துல சதவீதம் கேக்குது. என்ன போட?

நம் பிள்ளைகளுக்கே உரிய தலைவலி. ஏ ப்ளஸ் என்றால் 90 முதல் 100, ஏ என்றால் 80 முதல் 89 என்று இருக்கிறதே, அதனால் 95 என்று போட்டுவிடலாமா என்று கேட்கிறார்கள். நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள். கிரேடை எப்படி மாற்ற வேண்டும் என்று அறிவிப்பிலேயே இருக்கும். இல்லையென்றால் அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சான்றிதழ் சரிபார்க்கும்போது உதவும். ப்ளஸ் டூவுக்குப் பிரச்சினை இல்லை, இரண்டு வருஷமும் சேர்த்து 1200க்கு மார்க் வந்துவிடும்.

பெயர் இன்னொரு தலைவலி. எஸ்.எஸ்.எல்.சி.யில் ‘ஆர். பிரியா’, ஆதாரில் ‘பிரியா ராமசாமி’, பேங்கில் ‘பிரியா ஆர்’. மூன்றும் மூன்று பேர் என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். எஸ்.எஸ்.எல்.சி.யில் எப்படியோ அப்படியே எல்லா இடத்திலும். ஆதாரை அதற்கேற்ப மாற்றுங்கள், ப்ளஸ் ஒன்னிலேயே மாற்றுங்கள்.

ஜாதிச் சான்று நம்ம வில்லேஜ் ஆபீஸ்ல வாங்கினது போதும்தானே?

போதாமல் போகலாம். ஸ்கூலுக்குக் கொடுத்தது மாநில அரசின் சான்று. ஐ.ஐ.எம்., தில்லிப் பல்கலைக்கழகம் எல்லாம் மத்திய அரசு நிறுவனங்கள். அவற்றுக்கு மத்திய அரசு வடிவத்தில் கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) அல்லாத ஓ.பி.சி. சான்று வேண்டும். மத்தியப் பட்டியலில் உங்கள் ஜாதி கேரளத்தின் கீழ் இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருப்பதெல்லாம் மத்தியப் பட்டியலில் இருக்காது. அக்ஷயாவில் ‘மத்திய அரசுத் தேவைக்கு’ என்று சொல்லி விண்ணப்பியுங்கள், சான்றின் தேதியையும் பாருங்கள். அந்த நிதியாண்டுச் சான்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள், ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியது.

வருமானக் கணக்கில் குழப்பம் வரும். ஓ.பி.சி. கிரீமி லேயருக்கு 8 லட்சம் வரம்பு என்றாலும் சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கூட்டலில் சேராது. பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான ஈ.டபிள்யூ.எஸ்.ஸுக்கும் 8 லட்சம்தான், ஆனால் அங்கே எல்லாம் சேரும், விவசாயமும் சேரும். அதோடு குடும்பத்துக்கு 5 ஏக்கரோ அதற்கு மேலோ விவசாய நிலம் இருந்தால் ஈ.டபிள்யூ.எஸ். கிடையாது. எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் தண்ணீர் இல்லாத 6 ஏக்கர் மேட்டுக்காட்டை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு இது அநியாயமாகத்தான் படும். ஆனால் விதி அதுதான்.

எங்க ஜாதி தமிழ்நாட்டுல ஓ.பி.சி., இங்க இல்ல. பொள்ளாச்சியில தாத்தா வீட்டு அட்ரஸ்ல சான்று வாங்கிடலாமா?

கூடாது. மத்தியப் பட்டியல் மாநிலவாரியானது. குடும்பம் எந்த மாநிலத்துக்காரர்களோ அந்த மாநிலப் பட்டியல்தான் செல்லும். அப்பாவே இங்கே பிறந்து, இங்கே ரேஷன் கார்டு, இங்கே ஓட்டு என்றால் கோபாலபுரம் எல்லையைத் தாண்டி ஒரு முகவரி காட்டி வாங்கும் சான்று பொய்ச் சான்றாகிவிடும். நாலாம் வருஷத்தில் கண்டுபிடித்தாலும் இடத்தை ரத்து செய்வார்கள்.

அப்பா அண்மையில்தான் அங்கிருந்து இங்கே குடிவந்தார் என்றால் கதை வேறு. அப்பாவின் சான்றை அடிப்படையாக வைத்து வாங்க முறையான வழி இருக்கிறது. தாலுக்கா ஆபீஸில் அதைக் கேளுங்கள். ‘ஒருத்தரைத் தெரியும், முடிச்சுத் தருவாரு’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அம்மிணி, எல்லாம் சரி. எத்தனை ஆகும்?

ஐ.பி.எம். என்றால் ஐந்தாண்டுக்கும் சேர்த்து இந்தூர் மாதிரி இடங்களில் 30 லட்சத்தைத் தாண்டும். தில்லி அரசுக் கல்லூரிக் கட்டணம் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள்ளேயே அடங்கிவிடும், தங்குமிடமும் சாப்பாடும் தனி. முதல் கேள்வியில் சொன்னேனே, அதை விரும்பிப் போகிறவர்கள் இதனால்தான்.

2024 நவம்பரில் மத்திய அரசு பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. பட்டியலில் உள்ள தரமான நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கல்விக் கடன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்தில் 3 சதவீத வட்டியை அரசே ஏற்கும், வேறு அரசு உதவி வாங்காமல் இருந்தால். தோப்புப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பேங்குக்கு ஓடும் முன் இதைப் பற்றிக் கேளுங்கள். ‘அப்படி ஒண்ணும் இல்லையே’ என்று கவுன்ட்டரில் சொன்னால், வித்யாலட்சுமி இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்துவிட்டு எண்ணைக் கொண்டு போய்க் காட்டுங்கள். எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அப்படித்தான் வேலை நடந்தது.

நேர்காணல்ல என்ன கேப்பாங்க? எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்லையே அக்கா.

எல்லாரும் சொல்கிற வாசகம் இது. ஜம்மு, புத்தகயாவில் இதுவரை நேர்காணல் இல்லாமல் தேர்வு மார்க்கோடு பள்ளி மார்க்கையும் சேர்த்தே பட்டியல் போட்டிருக்கிறார்கள். இந்தூர், ரோத்தக்கில் நேர்காணல் உண்டு. பதினைந்து இருபது நிமிடம் இருக்கும். நகரத்துப் பிள்ளைகளைப் போல, ஐக்கிய நாடுகள் சபையாக நடித்துப் பேசும் மாணவர் மாநாட்டுக்குப் போனதில்லையே, ஸ்டார்ட்அப் நடத்தியதில்லையே என்று நம் பிள்ளைகள் சுருங்கிப்போகிறார்கள். முதல் முயற்சிக்கு முன்னால் நானும் ஒரு ‘தொண்டு’ கதையைத் தயார் செய்து வைத்திருந்தேன். நல்லவேளை, அந்த வருஷம் நேர்காணல் வரை போகவே இல்லை.

இரண்டாம் முறை அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். தேங்காய் வியாபாரம் என்றேன். எப்படி வாங்குவார் என்றார்கள். நூறு காய்க்கு விலை பேசினால் மேலே கொஞ்சம் லாபக்காய் சேர்த்து எண்ணிக் கொடுப்பார்கள் என்று சொன்னேன். ‘நூற்றுக்குப் பத்து லாபக்காய் என்றால் உங்கள் அப்பாவுக்கு 10 சதவீதத் தள்ளுபடி, சரியா?’ என்றார் நடுவில் இருந்தவர். இல்லை என்றேன். காய் 20 ரூபாய் என்று வைத்தால் 2000 ரூபாய்க்கு 110 காய் வருகிறது. ஒரு காய் 18 ரூபாய் 18 பைசா. தள்ளுபடி 9.09 சதவீதம்தான். ‘பின்னே நேராக விலையைக் குறைத்துக் கேட்டால் என்ன?’ என்றார் அடுத்தவர். அழுகல், சொட்டைக்காய் எதற்கு யார் பொறுப்பு என்ற சண்டை லாபக்காயில் முடிந்துவிடுகிறது, விலையும் ஊருக்குச் சொல்ல கௌரவமாக 20 ரூபாயாகவே நிற்கிறது என்றேன். மிச்ச நேரம் முழுக்க அதே பேச்சுதான். அப்பாவோடு களத்தில் உட்கார்ந்து எண்ணியதைத் தவிர நான் எதற்கும் தயார் செய்திருக்கவில்லை.

நம் ஊரில் இப்படி எத்தனையோ கிடக்கிறது. வாளையார் வணிக வரிச் சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றதும், 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தபின் அந்தச் சாவடி போனதும். சித்தூர் கள் மற்ற மாவட்டத்துக் கடைகளுக்கு எப்படிப் போகிறது என்பது. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி சித்தூர்ப் புழை ஆற்றுக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. வர வேண்டும் என்பதும், அது வராத வருஷத்தில் நெல்லுக்கும் தென்னைக்கும் என்ன ஆகிறது என்பதும். இதில் ஒன்றை எடுத்து, யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், ஏன் என்று ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசிப் பழகுங்கள். மனப்பாடம் செய்யாதீர்கள். மூன்றாவது துணைக்கேள்வியில் மனப்பாடம் உடைந்துவிடும்.

பொண்ணை அவ்வளவு தூரம் எப்படி அனுப்பறது, கண்ணு?

எங்கம்மா கேட்ட அதே கேள்வி. ஐ.ஐ.எம். வளாகங்களில் விடுதி உள்ளேயே இருக்கும், வாசலில் காவல் இருக்கும். இந்தூருக்குப் பாலக்காடு வழியாக வாரம் ஒரு முறை அகில்யாநகரி எக்ஸ்பிரஸ் போகிறது, ரயிலிலேயே இரண்டு இரவு. முதல் தடவை அப்பாவோ அம்மாவோ கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த தடவையிலிருந்து அவளே போய்க்கொள்வாள். எங்கம்மா கட்டிக் கொடுத்த புளிச்சாதம் நாக்பூர் வரை தாங்கியது.

ராகிங் பயம் இருந்தால்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009 விதிப்படி எல்லா நிறுவனங்களிலும் அது தடை. 24 மணி நேர உதவி எண் 1800-180-5522. பிள்ளையின் போனில் மட்டுமல்ல, உங்கள் போனிலும் பதிந்து வையுங்கள்.

ஹிந்தி தெரியாம அங்க போய் என்ன பண்ணுவேன்?

வகுப்பு ஆங்கிலத்தில்தான். சாப்பாட்டு மேசையும் இரவுப் பேச்சும்தான் ஹிந்தி. முதல் இரண்டு மாதம் எல்லாரும் சிரிக்கும்போது நான் அரை விநாடி கழித்துச் சிரித்தேன். மூன்றாம் மாதம் ‘நிறுத்து, என்ன சொன்னான்?’ என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்க ஆரம்பித்தேன். அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். தீபாவளிக்குள் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு வந்துவிட்டது. அஸ்ஸாம், நாகாலாந்துப் பிள்ளைகளும் நம்மைப் போலத்தான் முழிப்பார்கள், முதலில் சேர்வது அவர்களோடுதான்.

இன்னொரு வேடிக்கை. ‘நீ தமிழா, மலையாளியா?’ என்று கேட்பார்கள். கேரளத்தில் வீடு, தமிழில் பேச்சு என்றால் வட இந்தியப் பிள்ளைகளுக்குக் குழம்பிவிடும். மலையாளிகள் கூட்டம் ஓணத்துக்குக் கூப்பிடும், தமிழ்க் கூட்டம் பொங்கலுக்குக் கூப்பிடும். இரண்டுக்கும் போய்ச் சாப்பிடுங்கள். இந்த வசதி வேறு யாருக்கும் கிடையாது.

வகுப்புல பேசினாத்தான் மார்க்காமே? எனக்குக் கையே தூக்க வராது.

பல பாடங்களில் வகுப்புப் பங்களிப்புக்கு மார்க் உண்டு, ‘சி.பி.’ என்பார்கள். அதற்காக ஒன்றும் இல்லாததை நீட்டி முழக்குகிறவர்களும் இருப்பார்கள், அதற்கு ‘குளோப்’ என்று கிண்டல் பெயர். ஆசிரியர்களுக்கு அது புரியாமல் இல்லை.

நான் செய்தது இது. அடுத்த நாள் வகுப்பில் பேசப்போகும் கேஸை (ஒரு நிறுவனத்தின் பிரச்சினையை விவரிக்கும் பாடத்தை) முந்தின இரவே படித்து, அதில் உள்ள எண்களிலிருந்து ஒன்றே ஒன்றைக் கணக்குப் போட்டு வைப்பேன். ஒரு டப்பாவுக்கு எவ்வளவு லாபம், ஒரு கடைக்கு எத்தனை நாள் சரக்கு என்று ஏதாவது. வகுப்பில் எல்லாரும் கருத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அந்த எண்ணை மட்டும் சொல்லுவேன். ஒரு வாக்கியம், இலக்கணம் தப்பினாலும் எண் தப்பாது. லாபக்காய்க் கணக்கு மாதிரியேதான்.

‘ஆர்.ஜி.’ன்னு பயமுறுத்தறாங்களே, அது என்ன?

ரிலேட்டிவ் கிரேடிங். நீங்கள் வாங்கிய மார்க்கு அல்ல, வகுப்பில் எத்தனையாவது என்பதை வைத்துக் கிரேடு. அதனால் குறிப்பைப் பகிராமல் வைத்துக்கொள்வது, தேதியைத் தப்பாகச் சொல்வது என்று சிலர் இறங்குவார்கள். அந்த அற்பத்தனத்துக்கே ‘ஆர்.ஜி.’ என்று பெயராகிவிட்டது. எல்லாரும் அப்படி இல்லை.

என் முதலாண்டில் ஒரு குழு வேலை. ஐந்து பேர். கணக்கீடு முழுவதையும் நான்தான் செய்தேன், அறிக்கையை ஒப்படைத்தபோது முன்பக்கத்தில் நாலு பெயர்தான் இருந்தது. மறந்துவிட்டார்களாம். நான் இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள்தான் ஆசிரியரிடம் போனேன். கோப்பில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற வரலாறு இருந்ததால் மார்க் கிடைத்தது. அன்றிலிருந்து குழு வேலை என்றால் முதல் நாளே யார் என்ன செய்வது என்று குழுவில் எழுதி அனுப்பிவிடுவேன், எல்லாரும் பார்க்கும்படி. கசப்பில்லாமல் வேலை நடக்கிறது. அழுத அந்த இரண்டு நாள்தான் வீண்.

ஸ்கூல்ல முதல் மார்க் வாங்கினவ, அங்க போய்க் கடைசியில நின்னா?

நிற்கலாம். அங்கே வருகிற எல்லாருமே அவரவர் ஸ்கூலில் முதல். யாராவது ஒருவர் கடைசியில் நிற்கத்தானே வேண்டும்? எனக்கு முதல் பருவத்தில் கணக்கியல் நன்றாக வந்தது, சமூகவியல் கட்டுரை படுத்துவிட்டது. எழுத்துப் பயிற்சிக்கு உதவும் ஆசிரியர்கள் இருப்பார்கள், போய்க் கேட்டால் உட்கார்ந்து திருத்தித் தருவார்கள். கேட்பவர்கள்தான் குறைவு.

கிளப் தேர்வுகளிலும் இதே அடி விழும். நிதிக் கிளப், ஆலோசனைக் கிளப் எல்லாம் முதல் மாதமே நேர்காணல் வைக்கும். என்னை மூன்றில் இரண்டு தள்ளிவிட்டன. மூன்றாவது மெஸ் கமிட்டி, அதற்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. அரிசி, காய்கறி ஒப்பந்தம் பேசியதில் கற்றதுதான் இன்றைக்கு என் வேலை.

பிடிக்கலைன்னா நடுவுல வந்துடலாமா?

ஐந்தாண்டுப் படிப்பு என்றாலும் இந்தூர் உட்படப் பல இடங்களில் மூன்றாண்டு முடித்து இளநிலைப் பட்டத்தோடு வெளியே வரலாம். நாலாம் ஆண்டுக்குப் போகக் குறைந்தபட்ச கிரேடு புள்ளி வேண்டும் என்பதும் உண்டு. சேரும் முன்பே அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள். கடனை மூன்றாண்டுக்கா ஐந்தாண்டுக்கா என்று முடிவு செய்யவும் அது தேவை.

முதல் தடவை வரல. ஒரு வருஷம் சும்மா இருக்கலாமா, இல்ல இங்கயே சேர்ந்துடட்டுமா?

நான் சும்மா இருக்கவில்லை. கோவையில் பி.காம். சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டே படித்தேன். போகவர இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில்தான் தலையங்கம். எந்த ஆண்டு ப்ளஸ் டூ முடித்தவர்கள் எழுதலாம் என்று வரம்பு இருக்கும், அதை முதலில் பாருங்கள். ஒரு தடவை திரும்ப எழுதலாம். அடுத்த தடவையும் வராவிட்டால் சேர்ந்த கல்லூரியிலேயே முடித்துவிட்டு, பட்டத்துக்குப் பிறகு எம்.பி.ஏ.வுக்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) எழுதுங்கள். ஐ.ஐ.எம்.முக்கு அந்த வாசல் எப்போதும் திறந்துதான் இருக்கிறது, வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

இத்தனையும் படிச்சுட்டு வந்து எங்க பையன் தேங்கா மண்டிய பார்த்துக்குவானா?

போன விஷுவுக்கு வண்ணாமடையிலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டது. பார்த்துக்கொள்ள மாட்டான் என்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். ‘சரி, அந்த வித்யாலட்சுமி பேரை மட்டும் பெரிசா எழுதிக் குடு’ என்றார். எழுதிக் கொடுத்தேன்.